வாணம் உபயம்

காசைக் கரியாக்குவது என்று நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு எல்லா வீட்டிலும் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு அவரே கடைக்குப் போய் வாங்கியும் வருவார். ரசாயனத்தை வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு தலைகீழானது. கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி உள்ளே போகிற சரக்கு. வெளியே வருவது வெளிச்சமும் சத்தமும் புகையும். ஆகவே காசு கொடுத்துக் கரியை வெளிச்சமாக்குகிறோம் என்று சொல்வதுதான் சரி. அந்த வெளிச்சம் மூன்று நான்கு விநாடிக்கு மேல் நிற்பதில்லை என்பதுதான் பெரியவர்களின் புகார்.

இதே வாக்கியத்தை இன்னொரு இடத்திலும் கேட்டிருக்கிறேன். சிறுபத்திரிகை நடத்தியவர்களின் வீட்டுக் கூடங்களில். சில நூறு பிரதிகள் அச்சடித்து, பாதியைத் தபாலில் அனுப்பி, மீதியைப் பரணில் ஏற்றியவர்களின் மனைவிமார்கள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நம்மைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் நாம் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த இதழைப் பற்றித்தான் பேசினோம். எனவே, பயன் இல்லாத செலவு என்ற ஒரே காரணத்தைக் காட்டி வாணவேடிக்கையை ஒதுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறு ஒன்று. செலவு செய்தவர் யார், அது யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது.

எனக்கு இது வீட்டு விஷயம். எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு மேற்கே, உப்பளமும் சதுப்பும் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாசி மாதத்தில் அம்மனுக்குத் திருவிழா. நாளுக்கொரு மண்டகப்படி. எட்டாம் நாள் இரவு வாணம் எங்கள் குடும்பத்து உபயம். தாத்தா ஆரம்பித்து வைத்தது. நோட்டீஸில் இன்றைக்கும் அவர் பெயர்தான் அச்சாகிறது. அப்பா காலமான பிறகு அது என்னிடம் வந்து சேர்ந்தது. நிலம் போய்விட்டது, உபயம் இருக்கிறது.

தாத்தாவின் கணக்கு நோட்டில் வாணம் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் வாணக்காரர் ஒரு மாதம் முன்பே ஊருக்கு வந்துவிடுவார். தோப்பில் கொட்டகை. வெடியுப்பு இடிக்க, கரி சுட, சலிக்க ஆட்கள். மூங்கில், பனையோலை, சணல், பழைய காகிதம். வாணக்காரருக்கும் ஆட்களுக்கும் நெல்லாகவும் வேஷ்டியாகவும் கூலி. எல்லாம் ஊருக்குள்ளேயே சுற்றுகிற செலவு. இப்போது அவுட்டுகள் சிப்பம் கட்டி வருகின்றன. குழாய்களை மணலில் புதைத்து, அடியில் கிளப்புகிற மருந்தோடு உருண்டையை இறக்கி, திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடவேண்டியதுதான். உருண்டை மேலே போகிற வேகம் தீரும் நேரத்துக்கு உள்ளே இருக்கும் தாமதத்திரி எரிந்து முடிந்து வயிற்றைக் கிழிக்கிறது. பூ விரிகிறது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. மஞ்சளுக்கு சோடியம், வேதாரண்யத்து அளங்களில் வாருகிற உப்பில் இருக்கிற அதே சோடியம். அடுப்பில் உப்பு சிதறினால் சுடர் மஞ்சளாவதைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதில் ரகசியம் எதுவும் இல்லை. செலவு இதோடு முடிவதில்லை. அனுமதிக்கு அலைச்சல், வண்டி வாடகை, தீயணைப்புக்காரர்களுக்கும் காவலுக்கு வருகிறவர்களுக்கும் சாப்பாடு, மறுநாள் காலையில் வயலில் விழுந்த அட்டையையும் கம்பியையும் பொறுக்கக் கூலி. எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். திரும்ப எடுத்து வைக்கக்கூடியது குழாய்கள் மட்டும்தான்.

இது ராஜாக்களின் செலவு. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸாக் மகாநவமியில் வாணவேடிக்கை பார்த்திருக்கிறார். அதன் வகைகளைச் சொல்லப் புகுந்தால் வெகுவாக விரியும் என்று சொல்லி விட்டுவிடுகிறார். 1749 ஏப்ரலில் லண்டன் கிரீன் பார்க்கில், சமாதான உடன்படிக்கையைக் கொண்டாட இரண்டாம் ஜார்ஜ் பிரம்மாண்டமான மரமண்டபம் கட்டி வாணம் விடச் செய்தார். மண்டபத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்துக்கொண்டது. வாணத்தைப் பற்றி இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்காக ஹாண்டல் எழுதிய இசை இருக்கிறது. 1770 மே மாதம் பாரிஸில், பின்னாளில் பதினாறாம் லூயி ஆன இளவரசனின் கல்யாணத்துக்கு விட்ட வாணத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் 130 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ராஜா வாணம் விடுவதன் அர்த்தம் ஒன்றுதான்: எனக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நெல்லை மரக்காலால் அளந்து வாழ்கிற ஒரு ஊர், வருஷத்தில் ஒரு இரவு, இருபது நிமிஷத்துக்கு அளக்காமல் இருந்துபார்க்கிறது. தாத்தாவுக்கு அது புரிந்திருக்கிறது. மிராசுதார்களில் அவர் சின்னவர். பெரியவர்கள் தேருக்கும் அன்னதானத்துக்கும் பேர் போட்டுக்கொண்ட பிறகு மிச்சமிருந்தது வாணம். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பது அதை மட்டும்தான் என்று அவர் கண்டுகொண்டார்.

வேலை நிமித்தம் சில வருஷங்கள் கோடியக்கரையில் இருந்தேன். நிலம் முடிந்துபோகிற இடம். அங்குள்ள குழகரைப் பாட வந்த சுந்தரர், அக்கம்பக்கத்தில் குடி இல்லாத இந்தக் கடற்கரையில் நீர் ஏன் தனியாக இருக்கிறீர் என்று கேட்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தக் கேள்வி அங்கே இருட்டிய பிறகு இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிற கேள்விதான். காடும் சதுப்பும் 1967இல் சரணாலயமாயின. 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளை வலையில் பிடித்து, எடைபோட்டு, காலில் வளையம் மாட்டி விட்டுவருகிறார்கள். கொசு உள்ளான் என்று ஒன்று. வடதுருவத்தை ஒட்டிய தரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. எடை சுமார் 25 கிராம். மாசி கடைசியில் அது கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும். தயாராவது என்றால் கொழுப்புச் சேர்ப்பது. அதன் வரவுசெலவு முழுவதும் கிராம் கணக்கில் நடக்கிறது.

அங்கே இருந்த ஒரு மாசியில் லீவு கிடைக்கவில்லை. எட்டாம் நாள் இரவு சதுப்பின் ஓரமாகப் போய் நின்றேன். எங்கள் ஊர் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. தாத்தாவின் உபயத்தை முதல் தடவையாக வெளியிலிருந்து பார்த்தேன். அடிவானத்துக்கு மேல் எருக்கம்பஞ்சு அளவுக்கு ஒரு வெளிச்சம் விரிந்து அணைந்தது. சத்தம் இல்லை. கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டியபோது, யாரோ தூரத்து வீட்டில் கதவைச் சாத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அடுத்தது. அதற்கும் பிறகு சதுப்பு விழித்துக்கொண்டது. எதையும் பார்த்தேன் என்று சொல்லமுடியாது, அவ்வளவு இருட்டு. கேட்டேன். தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்புகிற சத்தம், ஒன்றையொன்று கூப்பிடுகிற மெல்லிய குரல்கள், தலைக்கு மேல் வெகுநேரம் சுற்றிச்சுற்றிப் போகிற சிறகுகள். வாணம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அவை எப்போது இறங்கின என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பி வரும்போது இறங்கவில்லை.

நெதர்லாந்தில் இதை ராடார் வைத்து அளந்திருக்கிறார்கள். புத்தாண்டு நள்ளிரவில் வாணம் தொடங்கிய சில நிமிஷங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் எழும்பி 500 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்ததை 2011இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. 2023இல் வந்த இன்னொன்று, இந்தக் கலவரம் 10 கிலோமீட்டர் வரைக்கும் எட்டுகிறது என்றது. படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. 25 கிராமில் ஒரு இரவு வீணாகப் பறப்பதற்கு என்ன செலவாகும் என்பதை அந்த உள்ளான்தான் சொல்லவேண்டும். அதுவும் எங்கள் உபயத்தில் பங்குதாரர் என்பதுமட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கண்மாயில் கூடு கட்டுகிற பறவைகளுக்காக அவர்களாகவே விட்டது. சரணாலயம் என்று சட்டம் வந்தது பிறகுதான்.

இதையெல்லாம் விழாக் கமிட்டியில் சொல்லச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தபோது கஜா வந்தது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்பு. அந்தக் காற்றைப் பற்றி எழுத இது இடம் இல்லை. தென்னை, மா, ஓடு, மின்கம்பம் எல்லாம் படுத்துவிட்டன. வாரக்கணக்கில் கரண்டு இல்லை. 2019 மாசிக்குக் கூட்டம் போட்டபோது, இந்த வருஷம் வாணம் வேண்டாம், அந்தப் பணத்துக்குத் தென்னங்கன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று சொன்னேன். யார் மறுப்பார்கள் என்று நினைத்தேன். சித்தப்பா முறையுள்ள ஒருவர் மறுத்தார். நூற்றுக்கு மேல் காய்த்த மரம் வைத்திருந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தவர்.

“கன்னு காய்க்கையில நான் இருப்பனா தம்பி? மூணு மாசமா இருட்டுலயே கெடந்துட்டோம். ஒரு ராத்திரி அண்ணாந்து பாத்துக்குறோம். தென்ன மரம் இருந்த எடந்தான் இப்ப வெறும் ஆகாசமாக் கெடக்கே, அதுலயாவது ஏதாச்சும் தெரியட்டுமே.”

கூட்டம் அதோடு முடிந்தது. வாணம் விட்டோம். அந்த வருஷம் ஜனங்கள் வழக்கம்போல ஆரவாரம் செய்யவில்லை. அண்ணாந்தபடி நின்றார்கள். சித்தப்பாவின் முகத்தில் பச்சையும் சிவப்பும் மாறிமாறி விழுந்துகொண்டிருந்தன. என்னுடைய கிராம் கணக்கை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் செய்த செலவு வீண் என்று சொல்லும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை. இன்றும் வரவில்லை.

ஆனால் சித்தப்பாவின் பக்கத்தில் நிற்காத ஒருவர் இருந்தார். குழாய்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவே கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், குனிந்தபடி திரிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த வாணக்காரர். தாத்தா காலத்து வாணக்காரரின் வழி வந்தவர். வலக்கையில் இரண்டு விரல் பாதியோடு நிற்கும். நான் பார்த்தவரை அவர் தன் வாணத்தை அண்ணாந்து பார்த்ததே இல்லை. அடுத்த குழாயைத்தான் பார்ப்பார். அவருடைய கூலி கணக்கில் இருக்கிறது. அவருடைய பெயர் இல்லை. அந்த உருண்டைகளைத் திணித்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி நடந்த விபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்கள் அதில் உண்டு. கேரளத்தில் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் தேதி விடியற்காலை, போட்டி வாணத்தில் நூறு பேருக்கு மேல். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடியில் 2023 அக்டோபரில் நாட்டுவெடி செய்கிற இடத்தில் நாலு பேர். இந்த மாதிரி நாட்களில் மட்டும்தான் இந்தத் தொழிலாளிகளின் பெயர்கள் அச்சில் வருகின்றன. வயதும் ஊரும் சேர்த்து வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழமொழி: திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு. அணையப்போன விளக்கின் திரியை நெய் குடிக்க வந்த எலி மூக்கால் தூண்டிவிட்டு, அடுத்த பிறவியில் மகாபலி ஆனது என்பது அந்தக் கோயிலின் கதை. வாணத்துக்கு எதிர்க்கட்சி விளக்குதான். விளக்குக்குச் சோழர்கள் வைத்த முதலீடு ஆடு. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு. அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். செத்ததற்கும் மூத்ததற்கும் பதில் குட்டி வந்துவிடுவதால் மந்தை குறைவதில்லை, நெய் நிற்பதில்லை, விளக்கு அணைவதில்லை. வாணம் முதலையே எரித்துக் காட்டுகிறது. விளக்கு வட்டியில் எரிகிறது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், எந்த விளக்குக்கு எந்த இடையன் ஆடு ஏற்றான், அவன் நெய் அளக்கவேண்டும் என்று இடையர்களின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ராஜராஜன் பெயர் இருக்கிற அதே கோயிலில். அதைப் பார்த்த பிறகு எங்கள் நோட்டீஸைக் கையில் எடுக்கக் கூச்சமாக இருந்தது.

போன வருஷம் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். உபயத்தைத் தொடர்ந்து செய்கிறேன், இரண்டு நிபந்தனை. ஒன்று, அவுட்டும் அதிர்வேட்டும் வேண்டாம்; பூவாணம், சக்கரவாணம் மாதிரித் தரையில் நின்று எரிகிறவை போதும். இரண்டு, தாத்தா பெயருக்குக் கீழே வாணக்காரர் பெயரும் அச்சாக வேண்டும். முடியாதென்றால் அந்தப் பணத்தை விளக்கெண்ணெய்க்கு வைத்துக்கொள்ளட்டும். சித்தப்பா போனில் கூப்பிட்டார். “வெளக்குக்கு எண்ண குடுத்தா எவன் தம்பி நிமிந்து பாப்பான்?” என்றார். நியாயமான கேள்வி. விளக்கைப் பார்க்க யாரும் நிமிரவேண்டியதில்லை. அதற்கு நேரே நின்றாலே போதும். ஆனால் எண்பது வயதுக்காரர், கஜாவுக்குப் பிறகு நிமிர்வதற்கு ஒரு காரணம் கேட்கிறவரிடம் இதை ஒரு பதிலாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கடைசியில் நாலே நாலு அவுட்டு, மற்றதெல்லாம் தரைவாணம் என்று அவரே பேசி முடித்தார். நாலும் சத்தம் குறைந்தவையாக இருக்கட்டும் என்றேன். சரி என்றார்.

பெயர் விஷயத்தில் கமிட்டிக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபித்தது வாணக்காரர். நான் நேரில் போய்ச் சொன்னபோது, ஏதோ கெட்ட சேதி கேட்டதுபோல எழுந்து நின்றுவிட்டார்.

“எம் பேரு வேண்டாங்கய்யா. ஒண்ணும் ஆவாத வரைக்கும் அது வெறும் பேரு. ஏதாச்சும் ஆயிருச்சுன்னா ஸ்டேசன்ல மொதல்ல அந்த நோட்டீசத்தான் எடுப்பாங்க. தாத்தா பேரே இருக்கட்டும். அவரு போய்ச் சேந்துட்டாரு, அவர யாரு கேப்பா?”

கல்வெட்டில் பெயர் வெட்டப்பட்ட இடையனும் இதே முகத்தோடு நின்றிருப்பானோ என்று அப்போது தோன்றியது. அது மரியாதைக்காக எழுதிய பெயரா, நெய் குறைந்தால் பிடித்துக் கேட்பதற்காக எழுதிய பெயரா? கல் இரண்டுக்கும் இடம் கொடுத்து நிற்கிறது. கணக்கில் பெயர் ஏறுவது எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை என்பதைத் தாத்தாவின் பேரனாகிய நான் அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த மாசிக்கும் பணம் அனுப்பியாயிற்று. நோட்டீஸ் வந்திருக்கிறது, எட்டாம் நாள், வாணம் உபயம் என்று தாத்தா பெயர் மட்டும். தாத்தாவின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் சில ஏடுகள் எழுதாமல் இருந்தன. இந்த வருஷத்துச் செலவை அதில் எழுதினேன். அவுட்டு நாலு, பூவாணம், சக்கரம், வண்டி, சாப்பாடு. கூலி என்ற இடத்தில் கூலி என்று எழுதாமல் வாணக்காரரின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் எழுதினேன். அந்த நோட்டை ஸ்டேஷனில் யாரும் கேட்கப்போவதில்லை.